நிரம்பிய பற்றரி

மோட்டார்கள் இருந்தன. அவற்றை ஓட்டுவதற்கு மின்சாரம்தான் இல்லை. என் வாழ்க்கையை ஒரே வரியில் சொல்லு என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். கேட்கிறவர்கள் ஏதோ தத்துவம் என்று நினைத்துத் தலையாட்டுவார்கள். தத்துவமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. உண்மையாகவே இரண்டு மோட்டார்கள். லொறிக் கண்ணாடியில் மழைநீர் துடைக்கிற வைப்பரை ஆட்டும் மோட்டார்கள். இப்போதும் ஒரு பால்மா ரின்னுக்குள் துணி சுற்றிக் கிடக்கின்றன.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. திருகோணமலைத் துறைமுகத்தின் களஞ்சியத்தில் நான் கிளாக்கர். காலையில் சங்கு ஊத உள்ளே போனால் மாலையில் சங்கு ஊத வெளியே வருவேன். இடையில் கயிறு, ஆணி, பெயின்ற் வாளி என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பதுதான் வேலை. இப்படிப்பட்ட வேலைக்காரனுக்குச் சின்னதாக ஒரு பைத்தியம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பெரிய பைத்தியம் பிடித்துவிடும். என்னுடைய சின்னப் பைத்தியம் யந்திர மனிதன். வெள்ளைக்காரக் கடற்படை போனபோது ஊரில் விட்டுப்போன ஆங்கிலச் சஞ்சிகைகளைப் பழைய கடதாசிக் கடையில் பொறுக்கி, அவற்றில் இருந்த படங்களைப் பார்த்து ஒரு ஆளைச் செய்துகொண்டிருந்தேன். பிஸ்கற் தகரத்தில் தலை, ரோச் லைட் பல்ப்பில் கண், பழைய தண்ணீர்க் குழாயில் கை. கீழே காலுக்குப் பதிலாக மூன்று சில்லுகள்.

வீட்டில் நானும் அக்காவும்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு ரீச்சர். கலியாணம் அவளுக்கும் சரிவரவில்லை, எனக்கும் சரிவரவில்லை. வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு எங்கள் வீடுதான் அவல். அக்காவுக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. பின்னேரம் கொப்பி திருத்திக்கொண்டே என் யந்திர மனிதனை நக்கலடிப்பாள்.

"ஊரிலை உள்ளவை பிள்ளையைப் பெறுகினம். நீ வளந்த ஆளையே செய்யிறாய். செய்யிறது செய்யிறாய், கொஞ்சம் வடிவாச் செய்யடா. ஒருத்தரும் வராட்டி எனக்கெண்டாலும் கட்டிவைக்கலாம்."

கட்டிவைக்க முதலில் அந்த ஆள் அசையவேண்டுமே. அதுதான் நடக்கவில்லை. வெளிநாட்டுச் சாமான்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலம். பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. கடைக்கு ரோச் லைட் பற்றரி வந்தால் அது தெரு முழுவதும் பரவுகிற செய்தி. செத்த பற்றரியை எங்கள் பக்கத்தில் ஒருவரும் எறியமாட்டார்கள், வெயிலில் காயப்போடுவார்கள். கூரைத் தகரத்தில் ஒரு பக்கம் கருவாடு, ஒரு பக்கம் மிளகாய், ஒரு பக்கம் பற்றரி. காய்ந்தால் உயிர் வரும் என்பார்கள். வரும்தான், ரேடியோவில் செய்தி வாசித்து முடியும்வரை. கடற்படைக் காலத்து லொறிகள் துருப்பிடித்துக் கிடந்த வளவிலிருந்து அந்த வைப்பர் மோட்டார்களைக் கழற்றி வந்தபோது, தெருவில் கடன் கேட்டுச் சேர்த்த காய்ந்த பற்றரிகளை எல்லாம் வரிசையாகக் கட்டி இணைத்துப் பார்த்தேன். மோட்டார் ஒருமுறை முனகியது. பற்றரிகள் சூடேறின. என் மனிதன் நின்ற இடத்திலேயே நின்றான்.

அந்த வருடம் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடித்த மாதங்களில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு காய்ச்சல் போனது. போகும்போது கால்களையும் கொண்டு போய்விட்டது. கைகள் மிஞ்சின, ஆனால் பலம் இல்லை. சோக்குக் கட்டியைப் பிடிப்பாள், பேனை பிடிப்பாள். தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால் கை நடுங்கும். கட்டிலைப் பிடித்து எழுந்து பக்கத்தில் இருக்கும் கதிரையில் விழுந்து உட்காருவாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் நரம்பு என்றார். திரும்பி வருமா என்று கேட்டதற்கு, வந்தால் வரும் என்றார். படித்த மனிதரின் அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. வராவிட்டால் வராது என்பதை நாங்களாகவே விளங்கிக்கொள்ளவேண்டும் போலும்.

பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை வீட்டுக்கு வந்து பார்த்தார். நல்ல மனுசி. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "புது வருசம் பள்ளிக்கூடம் திறக்கும்வரை உங்கட இடத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறன், ரீச்சர். கதிரையில இருந்து படிப்பிக்கலாம், அதுக்கு நான் பொறுப்பு. ஆனா நீங்கள் தனிய வந்து, தனிய வகுப்புக்கு வகுப்புப் போகவேணும். அது ஏலுமெண்டு காட்டினால் மேலிடத்தோட நான் கதைப்பன்."

அவர் போனபிறகு, கதிரைக்குச் சில்லுப் பூட்டித் தள்ளுவதற்கு ஒரு ஆளை வைப்போம் என்றேன். அக்கா என்னை ஏதோ பிழையான விடை எழுதிய பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஆக்கள் தள்ளிக்கொண்டு வாற ரீச்சரைப் பிள்ளையள் பாவம் பாக்குங்கள். பாவம் பாக்கிற பிள்ளை கணக்குப் படியாது." பிறகு மூலையில் நின்ற என் மனிதனைக் காட்டினாள். "அவன்ரை சில்லை எனக்குத் தா. அவனுக்கு என்ன, போறதுக்கு ஒரு இடமே இல்லை."

அப்படித்தான் அந்த மனிதன் இரண்டாகப் போனான். இடுப்புக்கு மேலே உள்ள பாதியைக் குசினி மூலையில் வைத்தேன். இடுப்புக்குக் கீழே உள்ள சில்லுப் பாதியின் மேல் அக்காவின் பிரம்புக் கதிரை ஏறியது. சைக்கிள் செயினும் பற்சில்லும் வைத்து, ஒரு மோட்டார் இடப்பக்கச் சில்லுக்கு, மற்றது வலப்பக்கச் சில்லுக்கு. மடியில் இரண்டு சுவிட்ச். இரண்டையும் போட்டால் நேராகப் போகும், ஒன்றை நிறுத்தினால் அந்தப் பக்கம் திரும்பும். பலமில்லாத கையாலும் சுவிட்சை அமத்த முடியும். இதெல்லாம் எனக்குக் கைவந்த வேலை. மிஞ்சியது ஒன்றுதான்: மோட்டாருக்கு எதைத் தின்னக் கொடுப்பது?

என் சஞ்சிகைகளில் இதற்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். பாரத்தைப் பார், தூரத்தைப் பார், அதற்கேற்ற மின்கலத்தைத் தெரிவு செய் என்று. எழுதியவன் எந்த ஊரில் இருந்து எழுதினானோ! எங்கள் ஊரில் தெரிவு என்பது, கிடைத்ததை எடுத்துவிட்டு அதுவே திறம் என்பதற்குக் காரணம் கண்டுபிடிப்பது.

முதலில் வீட்டுக் கரண்ட். வேலைத்தலத்தில் கழித்துவிட்ட ஒரு ட்ரான்ஸ்போமரைச் சுவரில் பொருத்தி, கதிரைக்கு நீளமாக வயர் இழுத்தேன். அக்கா அறையிலிருந்து விறாந்தைக்கு வந்தாள். விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு இறங்கினாள். படலையடியில் வயர் முடிந்தது. கதிரை நின்ற இடத்தில் இருந்து தெருவைப் பார்த்தாள்.

"கட்டையிலை கட்டின பசுமாடும் இவ்வளவு தூரம் மேயும்," என்றாள்.

பக்கத்து வளவில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு லொறிக்காரர் குடியிருந்தார். கந்தளாயிலிருந்து நெல்லும் விறகும் ஏற்றுவார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற வழக்கப்படி எனக்கு அவர் நானா. வேலிக்கு மேலால் கதிரையைப் பார்த்துவிட்டு, "தோணிக்குப் பூட்டுற எஞ்சின் ஒண்டு ஊரில சும்மா கிடக்கி, தம்பி. பின்னால பூட்டினா பறக்கும்," என்றார். அக்கா உள்ளிருந்தபடியே சத்தம் போட்டாள்: "நான் ரீச்சர், நானா. லோஞ்ச் இல்லை!" நானா சிரித்துக்கொண்டு போய், ஒரு மோட்டார் சைக்கிள் பற்றரியோடு வந்தார். கைக்கு அடக்கமான சாமான், பாரமும் இல்லை. ஆனால் அது ஆறு வோல்ற், மோட்டார் பன்னிரண்டு வோல்ற். சீமெந்துத் தரையில் ஊர்ந்தது. படலை வாசலின் சின்ன ஏற்றத்தில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்து வாசலில் அதைவிடப் பெரிய ஏற்றம் இருந்தது.

கடைசியில் லொறிப் பற்றரிதான் என்று முடிவாயிற்று. நானா தன்னுடைய ஓடாத பழைய லொறியில் கிடந்ததைக் கழற்றித் தந்தார். பன்னிரண்டு வோல்ற். தூக்கும்போது எனக்கு இடுப்புப் பிடித்தது. கதிரையின் கீழே வைத்ததும் அச்சு வளைந்தது. குசினி மூலையில் கிடந்த என் மனிதனின் இரண்டு கைக்குழாய்களையும் அறுத்து அச்சுக்கு முட்டுக் கொடுத்தேன். தலையும் நெஞ்சும் மட்டும் மிஞ்சிய அந்த ஆளை அக்கா பார்த்து, "உனக்கும் என்ரை நிலைதான்," என்றாள். நக்கலாகத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

பற்றரியின் உள்ளே தண்ணீர் வற்றியிருந்தது. அதற்கு ஊற்றவேண்டியது ஆவியில் வடித்த சுத்தமான தண்ணீர். அந்தக் காலத்தில் அதற்கு எங்கே போவது? ஊரில் எல்லா லொறிக்காரர்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மழைக்காலம் தொடங்கும்போது முதல் மழையைப் போத்தலில் பிடித்து வைப்பார்கள். வானத்துத் தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர் உண்டா? நானாவும் கந்தளாயில் மழை பெய்தால் போத்தல் வைப்பவர்தான். மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த ஊரில் மேகம் கறுத்த அன்று, எங்கள் தெருவில் கூரைப் பீலிகளுக்குக் கீழே வாளிகளும் போத்தல்களும் வரிசையாக நின்றன. எங்கள் வீட்டுப் பீலிக்குக் கீழேயும் நின்றன. மழை தகரத்தில் அடித்து ஓடி வந்து போத்தலில் விழுந்தது. வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடிபோல இருந்தது. ஊற்றினேன்.

சார்ஜரும் நான் செய்ததுதான். பின்னேரம் வேலையால் வந்து பற்றரியை அக்காவின் அறைச் சுவருக்கு மற்றப்பக்கம் வைத்து வயரைக் கொழுவுவேன். பற்றரி நிரம்பும்வரை சத்தம் வராது. நிரம்பியபிறகும் கரண்ட் போனால் உள்ளே குமிழ் கிளம்பிச் சோற்றுப்பானைபோலக் கொதிக்கும். அப்படிக் கொதிக்கவிட்டால் பற்றரி கெட்டுவிடும், உடனே கழட்டவேண்டும். நான் முற்றத்தில் வேறு வேலையில் இருப்பேன் என்பதால் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுப்பது அக்காவின் பொறுப்பு. கட்டிலில் இருந்தபடியே கூப்பிடுவாள்.

"கொதிக்குது, கழட்டு!"

என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. நிரம்பிவிட்டது, நாளைக்கு ஓடும் என்பது அதன் அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா படலையைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். கோட்டைப் பக்கமிருந்து வந்து குப்பை மேய்ந்துகொண்டிருந்த மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. கதிரை செயின் சத்தத்தோடு மூலைவரை போய்த் திரும்பி வந்தது. அக்காவின் முகத்தில் வேர்வை. "இனி என்னை ஒருத்தரும் தொடத் தேவையில்லை," என்றாள். அந்த ஒரு நாளுக்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். சொன்னது கொஞ்சம் அவசரம்.

மார்கழி முழுவதும் மழை. கதிரையை வெளியே எடுக்க முடியவில்லை. பற்றரி சுவரடியில் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற நாளுக்கு முதல்நாள் சார்ஜ் போட்டு, அக்கா "கொதிக்குது" என்றதும் கழட்டி, கதிரைக்குக் கீழே பூட்டினேன். அடுத்தநாள் அக்காவுக்கு முன்னமே எனக்குச் சங்கு ஊதிவிட்டது. அக்கா வெள்ளைச் சேலை உடுத்து, மடியில் பையை வைத்துக்கொண்டு, "போட்டு வா. எனக்கு வழி தெரியும்," என்று என்னை அனுப்பிவைத்தாள்.

மாலையில் நான் வரும்போது கதிரை முற்றத்தில் கோணலாக நின்றது. அக்கா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"பாதி வழியிலை நிண்டுட்டுது. ஆக்கள் தள்ளிக்கொண்டு போய் விட்டவை. திரும்பி வரேக்கையும் ஆக்கள்தான்."

"பெரிய ரீச்சர் என்ன சொன்னவா?"

சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பை விரலால் சுரண்டினாள். பிறகு, "பற்றரியைச் சரிப்பண்ணிக்கொண்டு வரட்டாம்," என்றாள்.

பற்றரியைத் திரும்பவும் சார்ஜில் போட்டேன். சிறிது நேரத்தில் அக்கா மூக்கைச் சுளித்தாள். "என்னடா இது, கிணத்துக்கு மருந்து போட்ட மாதிரி மணக்குது?" குனிந்து முகர்ந்தேன். கிணறு இறைத்தால் போடுகிற புளீச்சிங் பவுடரின் மணமேதான். மிச்சமிருந்த மழைத்தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நாக்கில் ஒரு சொட்டு விட்டேன். உப்பு. மழை இல்லாத மாதங்கள் முழுவதும் பின்னேரக் கடற்காற்று எங்கள் தகரக் கூரையில் உப்பைப் படியவிட்டிருக்கிறது. முதல் மழை அதை எல்லாம் கழுவித் துடைத்து, பத்திரமாக என் போத்தலுக்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறது. கந்தளாயில் பிடித்த மழை நானாவின் லொறிக்குத் தீர்த்தம். கடலுக்குப் பக்கத்தில் பிடித்த அதே மழை என் பற்றரிக்கு நஞ்சு. சுத்தமானது என்று வானத்தையே நம்பினோம். அதற்குமேல் யாரை நம்புவது?

அதன்பிறகு நான் செய்ததெல்லாம் ஒரு வெறியில் செய்தவை. நானாவின் காலில் விழாத குறையாக அவருடைய ஓடுகிற லொறியின் பற்றரியைக் கேட்டேன். "ரீச்சருக்கெண்டா எடுங்க, தம்பி. நான் லொறியைத் தள்ளி ஸ்ராட் பண்ணிக்கிறன்," என்று கழற்றித் தந்தார். இனி மழையும் வேண்டாம், கிணறும் வேண்டாம் என்று குசினியில் கேத்தல் வைத்தேன். கேத்தல் மூக்கில் குழாய் பொருத்தி, ஆவியை ஈரத் துணியால் குளிரவைத்து, போத்தலில் சொட்டுச் சொட்டாகப் பிடித்தேன். அக்கா பழைய கதிரை ஒன்றில் குசினி வாசலில் இருந்து துணியை நனைத்து நனைத்துத் தந்தாள். நடுங்குகிற கையால் தண்ணீர் பிழிந்து தருவாள். சொட்டு விழுகிற சத்தத்துக்கு இருவரும் காத்திருப்போம். "கெதியா, கெதியா" என்று கேத்தலைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். அக்கா அவசரப்படவில்லை. அவள் அவசரப்படாதது அப்போது எனக்குப் பொறுமையாகத் தெரிந்தது.

மாசி மாதம் பிறந்தபோது கதிரை ஓடத் தயாரானது. திங்கட்கிழமை காலையில் அக்கா வெள்ளைச் சேலை உடுத்தாள். மாலையில் நான் ஓடி வந்தேன். வீட்டில் இருந்தாள், கதிரை நேராக நின்றது.

"ஓடினதோ?"

"ஓம், நல்லா ஓடினது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் பற்றரியிடம் போய்க் குனிந்தேன். நானா ஒரு கண்ணாடிக் குழாய் இரவல் தந்திருந்தார். அதன் உச்சியில் ரப்பர்க் குமிழ், உள்ளே ஒரு சின்ன மிதவை. பற்றரியின் அமிலத்தை உறிஞ்சினால், நிரம்பிய பற்றரியில் மிதவை பச்சைக் கோட்டில் நிற்கும், இறங்க இறங்கச் சிவப்புக்குத் தாழும். போய் வந்த பற்றரியில் மிதவை பச்சையில் நின்றது. நம்பமுடியாமல் திரும்பவும் உறிஞ்சினேன். பச்சைதான். என்ன அருமையான பற்றரி!

ஒவ்வொரு நாளும் அப்படித்தான். மாலையில் வந்து உறிஞ்சிப் பார்ப்பேன், பச்சையில் நிற்கும். சார்ஜ் போடவே தேவை வரவில்லை. களஞ்சியத்தில் எல்லோரிடமும் பீற்றினேன். "ஆவியிலை வடிச்ச தண்ணி. அதுதான் விசயம்," என்று கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அக்கா இப்படியே நகரத்தைத் தாண்டி உப்புவெளி வரைக்கும் போய்வரலாம் என்று நானாவிடம் கணக்குச் சொன்னேன். சாப்பிடும்போது அக்கா பள்ளிக்கூடக் கதை சொல்லுவாள். எட்டாம் வகுப்பில் ஒருத்தி கழிக்கிற இடத்தில் கூட்டிவிட்டாளாம். இன்னொருத்தி கதிரையின் செயினில் பாவாடை மாட்டிக்கொண்டு அழுதாளாம். நான் வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு சிரிப்பேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு ஆசை வந்தது. இவ்வளவு திறமான கதிரையில் நானும் ஒருமுறை போய்ப் பார்த்தால் என்ன? அக்கா மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். கதிரையில் ஏறி, தெருப் பிள்ளைகள் கூச்சல் போட, பள்ளிக்கூட வாசல்வரை போய்த் திரும்பினேன். பூட்டிய வாசல், வெறிச்சோடிய றோட்டு, கடற்காற்று. ராசாபோல இருந்தது. வீட்டுக்கு வந்து வழக்கம்போலக் குழாயால் உறிஞ்சினேன். மிதவை பச்சையில் இல்லை. பாதிக்குக் கீழே தாழ்ந்துவிட்டது.

முதலில் என் பாரம் என்று நினைத்தேன். நான் அக்காவைவிடக் கனம்தான். ஆனால் ஒருமுறை போய்வந்ததற்கே இவ்வளவு இறக்கம். இரண்டு கிழமையாகப் போய்வந்த அக்கா, காற்றால் செய்த உடம்பு என்றாலும், இதில் பாதியாவது இறக்கியிருக்கவேண்டாமா? வகுப்புக்கு வகுப்புப் போனது வேறு. குழாயைப் பிடித்தபடி குந்தியிருந்தேன். அமிலம் சொட்டி நான் உடுத்திருந்த சாரத்தில் ஓட்டை விழுந்ததுகூடத் தெரியவில்லை. அன்று பின்னேரம் சார்ஜ் போட்டேன். அக்கா வழக்கம்போல, "கொதிக்குது, கழட்டு!" என்றாள். கழட்டினேன்.

திங்கட்கிழமை பெரிய கிளாக்கரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பள்ளிக்கூட மதிலோரமாகப் போனேன். அக்காவின் வகுப்பு றோட்டுப் பக்கத்து வகுப்பு, யன்னல் திறந்திருந்தது. கரும்பலகைக்கு முன்னால் ஒரு இளம் பெண் நின்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். வாசலில் இருந்த காவல்காரர் என்னை அடையாளம் கண்டு எழுந்து வந்தார்.

"அக்கா எப்பிடி இருக்கிறா? பாவம், எவ்வளவு பாடுபட்டு வந்தவா. பெரிய ரீச்சரும் எவ்வளவோ கேட்டுப் பாத்தவா. மேலிடத்திலை இருந்து வேறை ஆளைப் போட்டு அனுப்பிட்டினமே, பள்ளிக்கூடம் திறந்த அண்டைக்கே. உங்களுக்குச் சொன்னவாதானே?"

"ஓம், சொன்னவா," என்றேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே. அப்படியானால் கேத்தல் கொதித்த நாட்கள் முழுவதும் அவளுக்குத் தெரியும். துணியை நனைத்துத் தந்தபோது தெரியும். சொட்டு விழுவதற்கு என்னோடு சேர்ந்து காத்திருந்தபோது தெரியும். எட்டாம் வகுப்பில் கழிக்கிற இடத்தில் கூட்டியவள் ஒருத்தியுமே இல்லை.

அக்காவைத் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெரு முடிந்து கடற்கரைக்குத் திரும்புகிற மூலையில், ஒரு பூவரச மரத்தின் கீழே கதிரை நின்றது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவ்வளவு தூரத்துக்கு எந்தப் பற்றரி இறங்கும்? குடையை விரித்துப் பிடிக்கப் பலமில்லாமல் தோளில் சாய்த்து வைத்திருந்தாள். மடியில் பை. வள்ளங்கள் ஏற்றிக்கிடந்த கரையைப் பார்த்தபடி இருந்தாள். நான் ஒரு மதிலுக்குப் பின்னால் நின்றேன். கிட்டப் போக எனக்குத் துணிவு இல்லை.

பள்ளிக்கூடத்து இடைவேளை மணி காற்றில் கேட்டது. அக்கா நிமிர்ந்தாள். பையைத் திறந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தாள். மான் ஒன்று கிட்ட வந்து மோந்து பார்த்தது. பாண் துண்டு ஒன்றைப் பிய்த்து அதற்கு எறிந்தாள். திரும்பவும் மணி அடித்தது. சாப்பாடு முடியவில்லை, ஆனாலும் உடனே பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேராக இருந்தாள். பாடம் தொடங்கிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் உயிரோடு இருந்திருக்கக்கூடாது. நான் இருந்தேன். திரும்பிக் களஞ்சியத்துக்குப் போய், சங்கு ஊதும்வரை கயிறும் ஆணியும் கொடுத்தேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தேன். அக்கா தன் அறையில் கட்டிலில் இருந்தாள்.

"இண்டைக்கு எப்பிடி, அக்கா?"

"நல்லா ஓடினது. பிள்ளையள்தான் ஒரே சத்தம். தலையிடிக்குது."

கண்ணாடிக் குழாயை எடுத்து உறிஞ்சினேன். மிதவை பச்சையில் நின்றது.

"எப்பிடி இருக்கு?" என்று உள்ளிருந்து கேட்டாள். மற்ற நாட்களில் அவள் கேட்பதில்லை, நானாகத்தான் பீற்றிக்கொள்வேன். இன்று நான் ஒன்றும் சொல்லாமல் நின்றது அவளுக்கு விளங்கியிருக்கவேண்டும்.

"நல்லா இறங்கியிருக்கு, அக்கா," என்றேன். "தூரம் ஓடியிருக்கிறியள். சார்ஜ் போடவேணும்."

என்ன சொல்லியிருக்கலாம் என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். வேறு ஒன்றும் எனக்கு இப்போதும் தோன்றவில்லை. பற்றரியைச் சுவரடியில் வைத்து வயரைக் கொழுவி, சுவிட்சைப் போட்டேன்.

நிரம்பிய பற்றரி எவ்வளவு நேரம் பொறுக்கும்? அடுப்பில் உலை வைத்துத் திரும்புவதற்குள் கொதிக்கத் தொடங்கியது. சின்ன வீடு, மெல்லிய சுவர். குமிழ்ச் சத்தம் எல்லா அறைக்கும் கேட்டது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அக்கா கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கொதிக்குது, கழட்டு என்ற அந்த இரண்டு சொல் வந்தால் போதும். கழட்டிவிட்டு, உள்ளே போய் அவள் காலடியில் இருப்பேன். பற்றரி கொதித்துக்கொண்டே இருந்தது. மூடி ஓட்டையால் புகை வந்து கண்ணைக் கரித்தது. அக்கா கூப்பிடவில்லை.

கடைசியில் நானே வயரைக் கழட்டினேன். சத்தம் அடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கத்தில் அக்கா அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்குக் கேட்டது.